அமைதியாகக் கிடக்கும் பிளவுதான் அடுத்து அதிருமா? மதுரைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

மேலூர்_புவியியல் (கேள்வி)

வணக்கம். பதினோராம் வகுப்பில் நிலநடுக்கப் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வருகிறது. அடிக்கடி அதிரும் இடமே ஆபத்தான இடம் என்று ஒரு பக்கம் படிக்கிறார்கள். நீளமான பிளவில் அக்கம்பக்கமெல்லாம் அதிர்ந்து முடிந்திருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் நெடுங்காலம் சும்மா கிடந்தால் அங்கேதான் அடுத்தது வரும் என்று இன்னொரு பக்கம் படிக்கிறார்கள்.

இதில் எது சரி? அமைதியை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியும் என்றால், எங்கள் பக்கமும் அமைதியாகத்தானே இருக்கிறது, மதுரைக்கும் ஆபத்து என்று பொருளா என்று ஒரு மாணவி கேட்கிறாள். நேர்மையான பதில் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் கையால் செய்து காட்டக்கூடிய மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெரிய செலவு கூடாது.

கல்லும்_மண்ணும்

டீச்சர், சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும் இடத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்திருக்கும். கூட்டம் வடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தேர் அசையாது, ஆனால் வடம் விறைத்துக்கொண்டே போகும். கட்டை விலகியதும் தேர் ஒரே மூச்சில் முன்னால் பாயும். பிளவில் நடப்பதும் இதுதான். இழுக்கும் கை புவித்தட்டு, விறைக்கும் வடம் பிளவின் இரு பக்கப் பாறை, முட்டுக்கட்டை பிளவின் உராய்வு.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் இதை மீள்திறன் கோட்பாடாக எழுதினார். அவருக்கும் முன்பே, 1883இல், கில்பர்ட் என்ற புவியியலாளர் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி மக்களை எச்சரித்தார். மலையடிவாரம் நெடுகப் புதிய நிலவெடிப்புப் படிகள் தெரிகின்றன, உங்கள் ஊருக்கு நேரே மட்டும் இல்லை, ஆகவே பாக்கி உங்கள் ஊருக்குத்தான் என்றார். 140 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தத் துண்டில் பெரிய நடுக்கம் இன்னும் வரவில்லை. அவர் சொன்ன காரணம் இன்றும் செல்லும். ஆனால் காலத்தை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியாது.

அமைதி என்பது ஒரே சரக்கு இல்லை. பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒரு துண்டு மூன்று காரணங்களால் அமைதியாக இருக்கலாம்.

பூட்டிக் கிடக்கலாம். தட்டு இழுத்துக்கொண்டே இருக்கும், பிளவு நகராது, இறுக்கம் சேரும். ஆபத்தான அமைதி இதுதான்.

ஊர்ந்துகொண்டும் இருக்கலாம். கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதி, சான் வான் பௌதிஸ்தாவுக்கும் பார்க்ஃபீல்டுக்கும் இடையில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று மெல்ல வழுக்கிப் போகிறது. சாலையோரக் கட்டைச்சுவர்கூட வளைந்து போயிருக்கும். அங்கே சிறு அதிர்வுகள் உண்டு, பெரிய நடுக்கத்துக்கான பாக்கி சேர்வதில்லை.

மூன்றாவது, அங்கே இழுக்கும் கையே இல்லாமல் இருக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்துச் சொல்வது ஜிபிஎஸ் நிலையங்கள். ஒரு கணக்கு தருகிறேன். பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்கு மொத்தம் 34 மி.மீ. எதிரெதிராக நகர வேண்டும், பிளவு 15 கி.மீ. ஆழம் வரை பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளவை ஒட்டி இரு கரையிலும் நட்ட நிலையங்களுக்கு இடையே அசைவே தெரியாது. இரு பக்கமும் 15 கி.மீ. தள்ளி நட்டால் பாதி, அதாவது 17 மி.மீ. தெரியும். 45 கி.மீ. தள்ளினால் சுமார் 27 மி.மீ. முழுக் கணக்கும் வெகு தூரம் போன பிறகே வரும். ஊரும் பிளவு என்றால் பிளவைத் தாண்டிய அடுத்த அடியிலேயே 34 மி.மீ. வித்தியாசம் காட்டும். வரைபடத்தாளில் போட்டால் ஒன்று மெல்ல வளையும் கோடு, மற்றது செங்குத்துப் படி. பிள்ளைகளுக்குப் பார்த்ததுமே விளங்கும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துவது இமயமலைக்கு. மேற்கே காங்ரா 1905, கிழக்கே பீகார்-நேபாளம் 1934, அதற்கும் கிழக்கே அசாம் 1950. 1905க்கும் 1934க்கும் இடைப்பட்ட பல நூறு கி.மீ. நீளத்தில் அந்த அளவுக்குப் பெரிய நடுக்கம் வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. மேற்கு நேபாளப் பக்கம் கடைசியாகச் சொல்லப்படும் மிகப்பெரியது 1505. ஆண்டுக்கு 18 மி.மீ. என்று வைத்தாலும் 500 ஆண்டில் 9 மீட்டர் பாக்கி, அதாவது நகர வேண்டியிருந்து நகராமல் நிற்கும் தூரம். அக்கம்பக்கம் உடைந்தும் நடுவில் உடையாமல் நிற்கும் இப்படிப்பட்ட துண்டுக்கு இடைவெளி என்று பெயர். 2015 நேபாளக் கூர்க்கா நடுக்கம் (7.8) இந்த இடைவெளியின் கிழக்கு ஓரத்தில் வந்தது. அதுவும் தரைமட்டம் வரை கிழியவில்லை, ஆழத்திலேயே நின்றுவிட்டது. மேற்கே உள்ள பாக்கி அப்படியே இருக்கிறது.

அலைப்பதிவு

மேலே சொன்னதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த முறைக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் இதை ஜோசியமாக எடுத்துக்கொள்வார்கள்.

பலித்தவற்றில் எனக்கு முதலில் தோன்றுவது துருக்கி. வட அனத்தோலியப் பிளவு 1939 எர்சிஞ்சானில் தொடங்கி மேற்கு நோக்கித் துண்டு துண்டாக உடைந்து வந்தது. ஒரு துண்டு வழுக்கினால் அதன் நுனியில் இருக்கும் அடுத்த துண்டுக்குச் சுமை ஏறும். ஸ்டைன், பர்கா, டீட்டரிச் மூவரும் 1997இல் இந்தச் சுமையைக் கணக்கிட்டு, இஸ்மித் பக்கம் 30 ஆண்டுக்குள் பெரிய நடுக்கம் வர 12 விழுக்காடு வாய்ப்பு என்று எழுதினார்கள். 1999 ஆகஸ்ட் 17 அன்று வந்தது. 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கவனியுங்கள், பலித்த கணிப்பே 12 விழுக்காடுதான். இன்று அதே பிளவில் மிச்சம் நிற்பது இஸ்தான்புல்லுக்குத் தெற்கே மர்மரா கடலடித் துண்டு. அங்கே பெரியது வந்தது 1766இல்.

கலிபோர்னியா லோமா பிரியெட்டா, 1989, அளவு 6.9. அந்தத் துண்டுக்கு 1988லேயே 30 ஆண்டுக்கு 30 விழுக்காடு கொடுத்திருந்தார்கள். முந்தைய சிறு அதிர்வுகளைப் பிளவு நெடுகப் புள்ளி வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு வெற்றிடம், நடுக்கமும் அதன் பின்னதிர்வுகளும் அந்த வெற்றிடத்தை நிரப்பின. படம் அழகாக இருக்கும். ஆனால் உடைந்த தளம் செங்குத்தான சான் ஆண்ட்ரியாஸ் இல்லை, சுமார் 70 பாகை சாய்ந்த தளம். எதிர்பார்த்த நடுக்கம் அதுதானா என்று விவாதம் வந்தது.

வட சிலியில் 1877க்குப் பிறகு பூட்டிக் கிடந்த இடைவெளியில் 2014 ஏப்ரல் 1 அன்று 8.2 வந்தது. இடம் சரி. ஆனால் நடுவில் ஒரு பகுதிதான் உடைந்தது, இரு ஓரமும் மிச்சம்.

இனி தவறியவை. பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரி 22 ஆண்டுக்கு ஒன்று வந்தது. 1993க்குள் அடுத்தது நிச்சயம் என்று கருவிகளை வரிசையாக நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பரில். அதுவும் 1934, 1966 போல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடாமல் எதிர்த்திசையில் ஓடியது. இடமும் அளவும் (6.0) சரி, காலம் பத்தாண்டுக்கும் மேல் தவறு.

ஜப்பானில் தோகாய் பகுதி. 1854க்குப் பிறகு உடையவில்லை, 1944 நடுக்கமும் தோகாயை எட்டும் முன்பே நின்றுவிட்டது. 1976இல் எச்சரிக்கை வந்தது, 1978இல் தனிச் சட்டமே போட்டார்கள். தோகாய் இன்றுவரை உடையவில்லை. இடையில் 1995இல் கோபே, 2011இல் வடகிழக்கே சுமார் 9 அளவில் ஒன்று. 2011இல் தவறியதற்குக் காரணம் தெளிவு: தரையில் இருந்த ஜிபிஎஸ் நிலையங்களால் கடலடி அகழியை ஒட்டிய ஆழ்கடல் பிளவுத் தளம் பூட்டியிருக்கிறதா ஊர்கிறதா என்று பார்க்க முடியாது. அந்தக் கண் மறைந்த இடம்தான் 50 மீட்டர் அளவுக்கு வழுக்கியது. கடலடியில் நிலையம் வைத்து ஒலியால் அளக்கும் முறைக்கு அதன்பின் அவ்வளவு முக்கியத்துவம் வந்தது இதனால்தான்.

புள்ளிவிவரச் சோதனையும் உண்டு. 1979இல் பசிபிக் கரை முழுவதற்கும் இடைவெளி வரைபடம் போட்டார்கள். யான் ககன், டேவிட் ஜாக்சன் இருவரும் 1991இல் அடுத்த பத்தாண்டு நடுக்கங்களை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது, ஆபத்து அதிகம் என்று சிவப்பு போட்ட இடங்கள் மற்றவற்றைவிட அதிகம் உடைந்திருக்கவில்லை. நடுக்கங்கள் அண்மையில் அதிர்ந்த இடங்களின் பக்கமே கூடுகின்றன. ஆகவே உங்கள் மாணவர்களின் முதல் கருத்தையும் தூக்கிப் போட முடியாது.

என் கருத்து: பாக்கிக் கணக்கு எங்கே, எவ்வளவு பெரிது என்ற இரண்டுக்கும் ஓரளவு உதவும். எப்போது என்பதற்கு உதவாது. "எவ்வளவு" என்பதைப் பிள்ளைகளே கால்குலேட்டரில் போடலாம். பாறை விறைப்பு 3-க்குப் பின் 10 சுழி (பாஸ்கல்), உடையும் பரப்பு சதுர மீட்டரில், வழுக்கல் மீட்டரில், மூன்றையும் பெருக்குங்கள். விடையின் பத்தடிமான மடக்கையிலிருந்து (log) 9.1 கழித்து, 2ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் நடுக்கத்தின் அளவு. 300 கி.மீ. நீளம், 100 கி.மீ. அகலம், 6 மீட்டர் வழுக்கல்: 8.4. வழுக்கலைப் பாதியாக்கி 3 மீட்டர் வைத்தால் 8.2. நீளத்தையும் 100 கி.மீ. ஆக்கினால் 7.9. பாக்கியை இரண்டு மடங்கு தப்பாகப் போட்டாலும் அளவு 0.2தான் மாறும். அதனால்தான் "எவ்வளவு பெரிது" என்பதை ஓரளவு துணிந்து சொல்ல முடிகிறது.

பட்டறை_செல்லூர்

மாதிரி நான் சொல்றேன் டீச்சர். செங்கலும் சைக்கிள் டியூபும் போதும்.

பலகை 4 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. பிளைவுட். மேல 60-ஆம் நம்பர் உப்புத்தாள் முழுக்க ஒட்டுங்க, மடிப்பு இல்லாம. நாலு செங்கல் பக்கத்துப் பக்கத்துல, ஒரு அங்குலம் இடைவெளி விட்டு வைங்க. ஒவ்வொண்ணையும் கட்டுக்கம்பி சுத்தி முன்னால ஒரு வளையம் விடுங்க. டியூபை ஒரு அங்குல அகலம், நாலு அங்குல நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை வளையத்துல, மறு முனையை முன்னால இருக்குற ரீப்பர் கட்டையில கட்டுங்க. நாலு டியூபும் ஒரே நீளம் இருக்கணும். செங்கலுக்குச் செங்கல் ஒரு ரப்பர் பேண்ட் லேசா விறைப்பா மாட்டுங்க, அதுதான் பக்கத்துத் துண்டுக்குச் சுமையை மாத்தும்.

ரீப்பரை கையால இழுக்கக் கூடாது. கை சீரா இழுக்காது, எல்லாம் ஒண்ணா பாஞ்சிடும். ரீப்பர் நடுவுல 10 மி.மீ. த்ரெட் ராடு ஒண்ணைச் சுழலாம இறுக்கி, பலகை ஓரத்துல ஆணியடிச்ச கட்டையில துளை போட்டு வெளிய விடுங்க. வெளிப்பக்கம் வாஷரும் நட்டும். நட்டை ஸ்பேனர்ல ஒரு சுத்து சுத்துனா ரீப்பர் சரியா 1.5 மி.மீ. முன்னால வரும். ரீப்பர் கோணாம இருக்க ரெண்டு பக்கமும் சட்டம் அடிச்சிடுங்க.

முதல் செங்கலும் மூணாவதும் சும்மா இருக்கட்டும். ரெண்டாவது மேல அரைச் செங்கல் கூடுதலா வைங்க. நாலாவதுக்கு அடியில மட்டும் பாலிதீன் தாள், அதுக்குக் கீழயும் மேலயும் கிரீஸ் கெட்டியா. ஒவ்வொரு செங்கலுக்கும் பக்கத்துல பென்சில் கோடு போட்டு ஸ்கேல் ஒட்டுங்க.

முதல் வழுக்கலுக்கு 30, 40 சுத்துகூட ஆகலாம், ரப்பரைப் பொறுத்தது. அப்புறம் சீக்கிரமே வரும். ஒண்ணும் மூணும் பாஞ்சதும் ரெண்டாவது நின்னுக்கிட்டிருக்கும், அதுதான் இடைவெளி. நாலாவதும் சத்தம் போடாது. இப்ப பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, காதை மட்டும் வச்சு எது ஆபத்துன்னு கேளுங்க. ரெண்டும் நாலும் ஒண்ணாத்தான் தெரியும். கண்ணைத் திறந்து ஸ்கேலைப் பாத்தா நாலாவது ஒவ்வொரு சுத்துக்கும் கூடவே ஊர்ந்து வந்திருக்கும், ரெண்டாவது அப்படியே நிக்கும். கல்லும்_மண்ணும் சார் சொன்ன ஜிபிஎஸ் இதுதான்.

ஒவ்வொரு அஞ்சு சுத்துக்கும் ரீப்பர் எங்க, செங்கல் எங்கன்னு குறிச்சு வரைபடத்தாள்ல போடுங்க. ரீப்பர் ஒரு நேர்கோடு, செங்கல் படிக்கட்டு, ரெண்டுக்கும் நடுவுல உள்ள உயரம் பாக்கி.

கெடுறது எங்கன்னா: டியூப் பட்டையை ரொம்ப அகலமா வெட்டுனா, இல்ல ரெண்டு மடிப்பா போட்டா, விறைப்பு கூடிப்போயி செங்கல் பாயாம இழைஞ்சுக்கிட்டே வரும். இருபது தடவைக்கு மேல ஓட்டுனா செங்கல் தூள் உப்புத்தாள்ல அடைஞ்சு உராய்வு மாறிடும், பிரஷ் போட்டுத் தட்டுங்க. நடுவுல மணி அடிச்சு ஒரு பீரியடு கழிச்சு வந்து தொடராதீங்க, இழுத்த ரப்பர் தளர்ந்து இறுக்கம் குறைஞ்சிருக்கும், கணக்கு தப்பும். ரெண்டாவது செங்கல் பாயற சுத்து எண்ணை அஞ்சு தடவை எழுதிப் பாருங்க, அஞ்சும் அஞ்சு மாதிரி இருக்கும். பார்க்ஃபீல்டு பத்தி வேற விளக்கமே வேண்டாம்.

மேலூர்_புவியியல்

மிகவும் நன்றி. நாலாவது செங்கல் யோசனை அருமை, இதைத்தான் தேடினேன். இரண்டு விஷயம் நிற்கிறது. 2004 சுனாமியைத் தந்த பிளவு முன்பே பாக்கிப் பட்டியலில் இருந்ததா? மதுரைக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

அலைப்பதிவு

சுமத்ரா-அந்தமான் பிளவில் 1881லும் 1941லும் வந்தவை 8க்குக் குறைந்தவை. கையில் இருந்த பதிவு ஒன்றரை நூற்றாண்டு. அதற்குள் பெரியது எதுவும் இல்லை என்பதால் அங்கே பெரிய பாக்கி இருக்கும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமார் 1,300 கி.மீ. ஒரே மூச்சில் கிழிந்தது. பிறகு தாய்லாந்தின் பிரா தோங் தீவில் குழி வெட்டிப் பார்த்தபோது, 2004 மணல் அடுக்குக்குக் கீழே சுமார் 600 ஆண்டு பழைய இன்னொரு சுனாமி மணல் அடுக்கு கிடைத்தது. சுழற்சி 600 ஆண்டு, பதிவேடு 150 ஆண்டு. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். குழி வெட்டுவது, கரித்துண்டுக்குக் கார்பன் தேதி எடுப்பது, பவளப்பாறை வளையம் எண்ணுவது எல்லாம் அந்தப் பதிவேட்டைப் பின்னுக்கு நீட்டத்தான். சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளில் 1797, 1833 நடுக்கங்களை அப்படித்தான் பவளத்தில் படித்தார்கள். அங்கே 2007இல் 8.4 வந்தும் பாக்கி முழுவதும் தீரவில்லை.

கம்பிகட்டு_மதுரை

மதுரை அமைதி, மூன்றாவது வகை அமைதி. இங்கே தட்டு எல்லை கிடையாது, இழுக்கும் கை மிக மெதுவானது, பாக்கி போட ஒரு பிளவும் அளக்கும்படி நகரவில்லை. மதுரைத் துண்டம் என்றே பாறையியலார் பெயர் வைத்த நிலம் இது. வடக்கே பாலக்காடு-காவிரி, தெற்கே அச்சன்கோவில் என்று பழைய பெயர்ச்சிப் பட்டைகள் (பாறை நசுங்கி நகர்ந்த தடங்கள்) இருக்கின்றன, ஆனால் அவை உருவானது பல கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே "இத்தனை ஆண்டு வரவில்லை, இனி வரும்" என்று மதுரைக்குச் சொன்னால் அது தப்பு.

"வரவே வராது" என்பதும் தப்பு. 1900 பிப்ரவரியில் கோவை-பாலக்காடு பக்கம் சுமார் 6 வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் கில்லாரி 1993இல் 6.2க்கே கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரை இழந்தது. அதுவும் நம்மைப் போல் தட்டின் உட்பகுதிதான், முன்பே அமைதியாக இருந்த ஊர்தான். அங்கே கொன்றது மண் சாந்தில் கனமாகக் கட்டிய கல் சுவர்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி IS 1893இன் 2016 பதிப்பில் மதுரை இரண்டாம் மண்டலம், குணகம் (கணக்கில் எடுக்கும் அதிர்வின் வலு, புவியீர்ப்பின் பங்காக) 0.10. கோவையும் சென்னையும் மூன்று, 0.16. குறைவு என்றாலும் சுழி இல்லை. அந்த மாணவிக்குப் பதில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நம் ஊரில் எந்தத் துண்டு உடையும் என்ற கேள்வியைவிட, வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்பது முக்கியம். 1985இல் மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஓர் இடைவெளி உடைந்தது. 350 கி.மீ.க்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின் களிமண்ணில் நின்றதால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மதுரையைச் சுற்றி எத்தனை மனைகள் தூர்ந்த கண்மாய்ப் படுகையில் விற்கப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட மனையில் கட்டுமுன் மண் பரிசோதனை இல்லாமல் அடித்தளம் தோண்டக் கூடாது.

கட்டும்போது நான் விடாமல் பார்ப்பவை மூன்று. செங்கல் வீடு என்றால் லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றி இடைவெளி இல்லாத கான்கிரீட் பட்டை, 75 மி.மீ. கனம், நீளக் கம்பி இரண்டு, 6 மி.மீ. இணைப்புக் கம்பி 150 மி.மீ.க்கு ஒன்று. சன்னலுக்கு மேலே மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தினால் மூலைகள் பிரியும். தூண் வீடு என்றால் ரிங் கம்பியின் முனையை 90 பாகையில் விடாமல் 135 பாகை வளைத்து உள்ளே திருப்ப வேண்டும், வளைவுக்குப் பிறகு குறைந்தது 65 மி.மீ. நீளம். 90 பாகை கொக்கி, மேல்பூச்சு உதிர்ந்ததும் விரிந்துவிடும், நெடுங்கம்பி பிதுங்கும். இரண்டாம் மண்டலத்துக்கு இது கட்டாயம் இல்லை என்று மேஸ்திரி சொல்வார். கூடுதல் செலவு கம்பி வளைக்கும் நேரம் மட்டும்தான், விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாவது, தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தவென்று தூண்களாக விட்டு மேலே சுவர் வைத்துக் கட்டும் மாடிகள். மேலே விறைப்பு, கீழே நெகிழ்வு, முறிவு அந்தக் கீழ்த்தளத்தில்தான். இரண்டு மூன்று இடத்திலாவது கீழேயும் சுவர் இறக்க வேண்டும்.

கல்லும்_மண்ணும்

கம்பிகட்டு சொன்னதோடு ஒன்று மட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடுக்கி, கோட்டயம் பக்கம் சிறு அதிர்வுகள் வரும்போதெல்லாம், 2000 டிசம்பரில் வந்த சுமார் 5 அளவு உட்பட, தேனியிலும் மதுரையிலும் "பெரியதற்கு முன்னோட்டம்" என்று வாட்ஸ்அப் சுற்றும். சிறு அதிர்வு வந்தால் இறுக்கம் தீர்ந்துவிட்டது என்றும் பதில் சுற்றும். இரண்டும் கணக்குக்கு வராது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 7 அளவின் ஆற்றலைத் தீர்க்க 5 அளவில் ஆயிரம் நடுக்கம் வேண்டும். பட்டறை சொன்ன மாதிரியில் இதையும் காட்டலாம்: இரண்டாவது செங்கல் பாயும் முன் ஒன்றும் மூன்றும் அரை மி.மீ. சிலமுறை நகரும், இரண்டாவது செங்கலின் டியூப் நீளத்தை ஸ்கேலில் அளந்தால் குறைந்திருக்காது. அளந்து எழுதச் சொல்லுங்கள்.